கோச்சே ஓடினால்

வில்டா உன்ரூவுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடும். அடக்கவே முடியாது. ஓக்லஹோமாவில் எங்கள் சீடர் ஃபோர்க் கல்லூரியின் சாஃப்ட்பால் அணியில் அவள் பந்து வீசுவாள். நான் அடிப்பவள் நிற்கும் ஹோம் பேஸுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பேன். காற்றாலை மாதிரிக் கை ஒரு சுற்றுச் சுற்றும். பந்துக்கு முன்னால் சிரிப்பு வந்து சேரும். தங்களைத்தான் கேலி செய்கிறாள் என்று எதிரணிப் பெண்கள் கொதித்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டு பேட்டைச் சுழற்றுவார்கள். அவுட்.

"சார், அவ என்னப் பாத்துச் சிரிக்கிறா!" என்று ஒருத்தி அம்பயரிடம் அழாத குறையாக முறையிட்டாள்.

"சிரிக்கக் கூடாதுன்னு ரூல் ஏதும் இல்லம்மா" என்றார் அவர். அவர் தோளும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது.

படிப்பு முடிந்தது. அந்தக் காலத்தில் பெண்களுக்கு அதற்கு மேல் ஆட இடம் ஏது? வில்டா அப்பாவின் கோதுமை வயலில் டிராக்டர் ஓட்டினாள். சனிக்கிழமைகளில் மாட்டுத்தீவனக் கடை அணிக்காகப் பந்து வீசினாள். முப்பத்தோரு வயதில் தோள் மக்கர் செய்தது. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. அதே கோடையில் கல்லூரிக் கோச் டெக்ஸஸில் பெரிய வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். விளையாட்டுத் துறைத் தலைவர் டிராப் வேறு வழியில்லாமல் வில்டாவைக் கூப்பிட்டார்.

"சம்பளம் கம்மி. புல்லு நீதான் வெட்டணும். பஸ்ஸும் நீதான் ஓட்டணும்."

"எப்ப வரட்டும் சார்?" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

நான் அப்போது அதே ஊர்ப் பள்ளியில் டீச்சர். நேராக என் வீட்டுக்கு வந்து, "ஜோலீன், நீதான்டி என் உதவிக் கோச்" என்றாள்.

"எனக்கு என்ன தருவாங்க?"

"மத்தியானம் சாண்ட்விச்."

சேர்ந்துவிட்டேன்.

ஆனால் மைதானத்துக்கு வந்தது வேறொரு வில்டா. நீலக் கோட்டு, இஸ்திரி போட்ட பேண்ட், கழுத்தில் விசில், கல் மாதிரி முகம். "கோச்னா ஒரு மரியாத வேணும்டி. இனிமே சிரிப்பே கிடையாது. எனக்கும் கிடையாது, அவளுங்களுக்கும் கிடையாது" என்றாள். பெண்கள் அவளைக் கண்டாலே நடுங்கினார்கள். பந்து கையில் வந்து விழுந்தாலும் நழுவவிட்டார்கள். மார்ச் மாதம் முழுக்க ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது சாவு வீட்டு அமைதி.

ஏப்ரலில் பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட்டம். கடைசிச் சுற்று, இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது, எங்களுக்கு ஒரே ஒரு ரன் வேண்டும், சமன் செய்ய. மூன்றாம் பேஸில் மார்லா டகெட் நிற்கிறாள், அங்கிருந்து ஹோம் பேஸுக்கு ஓடிச் சேர்ந்தால் ரன். அவள் அடித்தால் பந்து வேலியைத் தாண்டும். ஓடினால் ஆமை தாண்டிப் போய்விடும். பக்கத்தில் நின்று 'போ', 'நில்' என்று சொல்வது கோச்சின் வேலை. அடுத்தவள் பந்தைத் தட்டிவிட்டாள்.

"போ! போ மார்லா, போ!" என்று கத்தினாள் வில்டா. மார்லா போனாள். வில்டாவும் போனாள்.

தான் ஓடுவதே அவளுக்குத் தெரியவில்லை. கோட்டு பறக்கிறது, விசில் முதுகுப்பக்கம் ஆடுகிறது, மார்லாவைத் தாண்டிவிட்டாள்! நேராகப் போய் ஹோம் பேஸில் விழுந்து சறுக்கினாள். புழுதி மேகம். எதிரணிக் கேட்சர் குழம்பிப்போய், அவுட்டாக்கப் பந்தை வில்டாவின் முதுகில் வைத்து அழுத்தினாள்.

அம்பயர் குனிந்து பார்த்தார். "மேடம், நீங்க யாரு?"

"கோச்" என்றது புழுதி.

"கோச் ஓடக் கூடாதும்மா. உங்க பொண்ணு அவுட்டு."

தோற்றோம். மூச்சிரைக்க வந்து சேர்ந்த மார்லா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கோச், நான் ஒருத்தி ஓடிட்டு இருந்தேனே, பாத்தீங்களா?" என்றாள். வில்டா தன் கோட்டைப் பார்த்தாள். ஒரு கை தையலோடு பிரிந்து தொங்கியது. வாயை மூடிக்கொண்டு என்னென்னவோ முயன்றாள். முடியவில்லை. பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. பெண்கள் பயந்து பயந்து ஆரம்பித்து, கடைசியில் தரையில் உருண்டார்கள். ஜெயித்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு எங்களைப் பார்த்தார்கள்.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தோம். அதற்கடுத்ததிலும். மே மாதம் துல்சாவில் லீக் கோப்பையைத் தூக்கினோம். எனக்கு இன்றைக்கும் அது நம்ப முடியாத விஷயம்தான்.

ஊர் எல்லையில் எங்களுக்காகத் தீயணைப்பு வண்டி காத்திருந்தது. அது மணியடித்துக்கொண்டு முன்னால் போக, வில்டா பஸ்ஸை அதன் பின்னாலேயே ஓட்டினாள். கடைத்தெருவில் பேண்டு வாத்தியம், மேயர், ஊரே நிற்கிறது. அங்கே போய்ச் சேருமுன்பே திடீரென்று தீயணைப்பு வண்டி மண்பாதையில் திரும்பியது. வில்டாவும் திரும்பினாள்.

"ஏய், ஊரு அந்தப் பக்கம்டி!" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியாதா? சுத்தி ஊர்வலமாக் கூட்டிட்டுப் போறாங்கடி, பேசாம உக்காரு!"

போய் நின்ற இடத்தில் புல்வெளி எரிந்துகொண்டிருந்தது. நடுவழியில் நிஜமாகவே தீ அழைப்பு வந்திருக்கிறது. யாரும் யோசிக்கவில்லை. பெண்கள் குதித்து இறங்கி, மாட்டுத் தொட்டியில் சாக்கை நனைத்து நெருப்பை அடித்தார்கள். வில்டா கோப்பையில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றினாள். தீ அடங்கியதும், அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரரான பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "நீங்கல்லாம் எந்த ஊரு ஸ்டேஷன்மா?" என்று கேட்டார்.

"சாஃப்ட்பால் சார்" என்றாள் மார்லா.

அவர் மனைவி அவரைக்காய்க் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து அடுக்க, பதினைந்து பேர் சட்டியைக் காலி செய்தோம். ஊருக்குள் போனபோது பேண்டுக்காரர்கள் வாசித்து வாசித்து ஓய்ந்துபோய்ப் படிக்கட்டில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். மேயர் எங்கள் கறுத்த முகங்களைப் பார்த்துவிட்டு, கைகொடுப்பதா வேண்டாமா என்று தயங்கினார். வில்டா அவரைக் கட்டியே பிடித்துக்கொண்டாள். அவருடைய வெள்ளைச் சட்டை போயே போயிற்று.