முன்பலகை இல்லாத மேசை

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடக்கும் மேசைக்கு முன்பலகை கிடையாது. மேலே ஒரு பலகை, கீழே நான்கு கால், வலது பக்கம் இழுத்துத் திறக்கிற ஒரு லாச்சி, அவ்வளவுதான். முன்பலகை இருந்த இடத்தில் மரம் அறுக்கிற வாளால் அறுத்த தடம் இன்னும் தெரியும். இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் கோணலாகவும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கறையான் தின்றதாக்கும் என்று நினைப்பார்கள். கறையான் இல்லை. ஒரு நாள் காலையில் பெரிய மிஸ்ஸி சொல்லி, எங்கள் டிரைவர் நானா அறுத்தது. அதற்கு நான்தான் காரணம்.

மிஸ்ஸி என்று எங்கள் பக்கத்தில் தாதிமாரைச் சொல்வோம். மற்ற மிஸ்ஸிமார் வருவார்கள், மாறிப் போவார்கள். அவர் ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இருந்தபடியால் பெரிய மிஸ்ஸி. கட்டைபறிச்சானிலிருந்து தோப்பூருக்குப் போகிற பக்கத்தில், ஒரு தர்ம சபை நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது. இரண்டு வாட்டு, ஒரு பிரசவ அறை, ஒரு மருந்து கட்டுகிற அறை. நிரந்தரமாக ஒரு டொக்டர். கிழமையில் இரண்டு நாள் திருகோணமலையிலிருந்து வேறு டொக்டர்மார் வந்து போவார்கள். வருகிற சனம் வயலில் கூலிக்குக் களை பிடுங்குகிறவர்கள், கடலோரக் களப்பில் இறால் பிடிக்கிறவர்கள், காட்டில் விறகு எடுக்கிறவர்கள். தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே நீள வாங்கில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் இருந்த பொதுவான பயம் ஒன்றுதான்: திரும்பிப் போக முடியாமல் போய்விடுமோ என்பது.

அந்தப் பயத்தைப் பெரிய மிஸ்ஸி முதல் வருஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். விடிய வந்து வரிசையில் இருக்கிறவர்கள், தங்கள் நம்பர் வருவதற்கு முன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனார்கள். டொக்டரைக் காணாமலே போனார்கள். அதனால் அவர் வரிசையை மாற்றினார். மூச்சு இழுக்கிறவர்களும், இரத்தம் ஓடுகிறவர்களும், வலி எடுத்த பெண்களும் மேசைக்கே வரத் தேவையில்லை, நேரே உள்ளே போகலாம். மற்றவர்களிடம் வாசலில் கேட்கிற கேள்வி ‘என்ன வருத்தம்’ என்று நோயைப் பற்றியது அல்ல. ‘எதில திரும்பிப் போவீங்கள்?’ என்பதுதான். அதற்கென்று ஒரு மரப்பெட்டி செய்வித்தார். மேலிருந்து கீழாக நான்கு தட்டுகள். கடலில் ஓடுகிற லோஞ்சுக்குப் போகிறவர்களின் பெயர் எழுதிய துண்டு முதல் தட்டில், பஸ் இரண்டாவதில், சைக்கிள் மூன்றாவதில், நடை கடைசியில். லோஞ்சும் பஸ்ஸும் யாருக்காகவும் நிற்காது. நடக்கிறவர் பக்கத்து ஊர்க்காரர்தானே, அவர் எப்போதும் போகலாம். எங்கள் எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

நான் அந்த மேசைக்கு வந்தபோது முப்பது வயது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்துவிட்டது. எந்த வேலையிலும் நிலைக்கவில்லை, காரணம் என் வெட்கம். கடையில் நின்றேன், சாமானின் விலையைச் சொல்லவே குரல் வராது. யாருடைய முகத்தையும் பார்த்துக் கதைக்க ஏலாது, சிறுவயதிலிருந்தே அப்படித்தான். வேலை கேட்டு வந்த அன்றும் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பெரிய மிஸ்ஸி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “சரி, கதை குறைஞ்ச ஆள்தான் இந்த வாசலுக்கு வேணும். கதைக்கிறதுக்கு இங்க வேற ஆக்கள் நிறைய இருக்கினம்” என்றார். பக்கத்தில் நின்ற டிரைவர் நானா, “வேற ஆக்கள் எண்டு என்னயத்தான் சொல்றா” என்றார். எனக்குப் பத்து வயது மூத்தவர் அவர், மூதூர் முஸ்லிம், அண்ணன் முறையில் எங்கள் எல்லாருக்கும் நானா, வாய் ஓயாது.

பெயர், வயது, எதில் திரும்பிப் போவது. இந்த மூன்றையும் எழுதுவதுதான் என் வேலை. ஊரையும் வருத்தத்தையும் உள்ளே மிஸ்ஸிமார் கேட்டு எழுதுவார்கள். தலை குனிந்தபடியே செய்யக்கூடிய வேலை. இரண்டு வருஷம் அப்படியே செய்தேன்.

அது அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடந்த ஒரு நாள். சனம் அதிகம். ஒரு பெண்ணின் குரல் பெயர் சொல்லியது, வயது ஐம்பத்தைந்து இருக்கும் என்றது. எதில் போவீர்கள் என்று கேட்டேன். “நடந்துதான் மகன்” என்றது குரல். துண்டைக் கடைசித் தட்டில் போட்டேன். அடுத்தவர் வந்தார்.

பின்னேரம் மூன்றரை மணிபோல அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. நம்பர் எழுதிய அட்டை மட்டும் வாங்கில், பறக்காமல் ஒரு கல்லை ஏற்றி வைத்தபடி இருந்தது. பெரிய மிஸ்ஸி வெளியே வந்தார். வாங்கில் இருந்த ஒரு மீனவர் மனைவி சொன்னார்: “அவ ரெண்டு மணிக்கே போய்ட்டா மிஸ்ஸி. பொழுது சாஞ்சா தோப்பூருக்கு அங்கால ரோட்டில யானை இறங்குமாம். காலில துணி சுத்தியிருந்தா, இலையான் மொய்ச்சுக்கொண்டு கிடந்தது.” மிஸ்ஸி குனிந்து வாங்கின் அடியைப் பார்த்தார். சீமெந்து நிலத்தில் ஒரு பாதம் அளவுக்கு ஈரம் இருந்தது. மஞ்சளும் சிவப்பும் கலந்த ஈரம். காலில் புண் ஒழுகிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை ஐந்து மணித்தியாலம் அங்கே இருத்திவைத்திருந்தோம்.

“எந்த ஊர் அவ?” என்று என்னிடம் கேட்டார்.

“கேக்கேல்ல மிஸ்ஸி.”

“ஜீப்பை எடுங்கோ நானா. தம்பி, நீங்களும் ஏறுங்கோ. ஆளைக் காட்டுங்கோ.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. “எனக்கு முகம் தெரியாது மிஸ்ஸி” என்றேன். அவர் ஜீப்படிக்குப் போனார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஏறினேன். அவர் ஏசியிருந்தால் அந்தப் பயணம் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தோப்பூரையும் தாண்டிப் போனோம். தார் ரோட்டு முடிந்து கிரவல் ரோட்டு தொடங்கியது. வழியில் விறகுக் கட்டோடு ஒரு பெண் போனார். நானா ஜீப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “இவவா, இல்லையா? சொல்லுங்கோவன்” என்றார். தெரியாது என்றேன். “நல்ல சாட்சி ஒண்டத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கம்” என்றார் நானா. அந்தப் பெண்ணிடம் கேட்டோம், அவர் இல்லை. வெயில் சரிந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பற்றைக் காடு. ஒரு மதகுக் கட்டில், தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்து காலில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போகும்வரை எனக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து, “என்ன மகன், ரோட்டு பிழைச்சிட்டா?” என்று கேட்டார். அந்தக் குரல்தான். “இவதான்” என்றேன்.

பெரிய மிஸ்ஸி ரோட்டுப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். “உங்கட வெள்ளைச் சட்டையில பட்டிரும் மிஸ்ஸி” என்று அந்த உம்மா காலை இழுக்கப் பார்த்தார். “சட்டை தோய்க்கலாம் உம்மா, நீங்க காலை ஆட்டாதேங்கோ.” சீனி வருத்தத்தில், நீரிழிவில் வருகிற புண் அது. இரண்டு விரல் கறுத்திருந்தது. அந்தக் காலோடு, விடிகிற நேரத்துச் சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டவர், ஒன்பது மணிக்குத்தான் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அவருடைய ஊருக்கு பஸ் கிடையாது. வீட்டில் சைக்கிளும் இல்லை. அதனால்தான் நடை.

“ஏன் உம்மா ஒரு ஆளிட்டயும் சொல்லாம எழும்பி வந்தனீங்கள்?” என்று மிஸ்ஸி கேட்டார்.

“என்னயக் கடைசியா வெச்சிருக்கீங்க எண்டா, என்னய விட ஏலாத ஆக்கள் முன்னுக்கு இருக்காங்க எண்டுதானே மிஸ்ஸி. அவங்கட இடத்த நான் ஏன் பிடிக்கிற?”

மிஸ்ஸி போத்தல் தண்ணீரை இன்னும் ஊற்றினார். புண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார். கண்டிப்பான மனுஷி அவர். வாட்டில் சத்தம் போடுகிற சொந்தக்காரரை ஒரு பார்வையிலேயே வெளியே அனுப்பிவிடுவார். அன்று அவருடைய கை கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவியதைக் கண்டேன். முகத்தைப் பார்க்க ஏலாதவனுக்குக் கைகள் நன்றாகத் தெரியும்.

திரும்பி வரும்போது நானாவால் சும்மா இருக்க முடியவில்லை. “உம்மா, நாளைக்கு எதில திரும்பிப் போவீங்க எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“ஜீப்பில எண்டு சொல்லுவன். அப்பயாவது முன்னுக்குப் போடுவீங்களா பாப்பம்.”

அவர் ஒரு மாதத்துக்கு மேல் வாட்டில் இருந்தார். இரண்டு விரலையும் எடுக்க வேண்டி வந்தது, கால் தப்பியது. இன்னும் சில நாள் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

அந்தப் பயணத்துக்கு மறுநாள் காலை, வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லத்தான் வந்தேன். பெரிய மிஸ்ஸி எனக்கு முன்னமே மேசையடியில் நின்றார். மரப்பெட்டியிலிருந்து தட்டுகளின் பெயர் எழுதிய காகிதங்களை உரித்துக்கொண்டிருந்தார். “இந்தப் பெட்டி பிழை தம்பி. இதைச் செய்வித்தது நான். நடந்து வாறவன் கிட்ட இருக்கிறவன் எண்டு நினைச்சது நான்தான்” என்றார். ‘நடை’ என்று எழுதி முதல் தட்டில் ஒட்டினார். லோஞ்சும் பஸ்ஸும் ஒன்றாக இரண்டாவதுக்குப் போயின. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஆனா ஒண்டு. முகத்தைப் பாக்க வெக்கமெண்டா காலையாவது பாருங்கோ. கால் ஒருத்தரையும் வெக்கப்படுத்தாது.”

நான் கதிரையில் இருந்து பார்த்தேன். கால் தெரியவில்லை, முன்பலகைதான் தெரிந்தது. அதைச் சொல்லவும் எனக்குக் கூச்சம். அவரே என்னை எழுப்பிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து, குனிந்து, அப்படியும் இப்படியும் பார்த்தார். பிறகு நானாவைக் கூப்பிட்டு வாள் எடுத்துவரச் சொன்னார். “இண்டைக்கு மேசைக்கும் ஒப்பரேசனா மிஸ்ஸி?” என்று கேட்டபடி நானா அறுக்கத் தொடங்கினார். வரிசையில் நின்ற சனம் சுற்றி நின்று, நேராக அறு, கோணுது பார் என்று புத்தி சொன்னது. அந்தச் சத்தத்தில்தான் வலது பக்கம் கோணிப்போனது.

அன்றிலிருந்து நான் கால்களைப் பார்த்துத்தான் வேலை செய்தேன். கிரவல் புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தால் வெகுதூரம் நடந்தவர். விரலிடுக்கில் வெள்ளையாகக் காய்ந்த உப்பு இருந்தால் களப்பிலிருந்து நேரே வந்தவர். ஒரு பெண் ஆண்களின் செருப்போடு வந்தால், அந்த வீட்டில் ஒரு சோடிதான் உண்டு. செருப்பின் வார் கழன்று கால் வீங்கியிருந்தால் மிஸ்ஸியை உடனே கூப்பிட வேண்டும். எந்தச் சந்தேகத்துக்கும் பெரிய மிஸ்ஸி எழும்பி வருவார். பத்துத் தரம் வீணாகக் கூப்பிட்டாலும் பதினோராம் தரமும் வருவார். இவ்வளவு சின்ன ஆஸ்பத்திரி, இல்லாத மருந்து எத்தனையோ. இருந்தும் வந்தவரை இழக்கக்கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. பெரிய இடங்களில் வேலை செய்துவிட்டு வந்த டொக்டர்மார்கூட எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். காலிலிருந்து முகத்துக்கு ஏற எனக்கு இன்னும் நாலைந்து வருஷம் பிடித்தது. அதை அவர் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது புதிய கட்டடம் வந்துவிட்டது. நெஞ்சளவு உயரத்துக்கு மாபிள் பதித்த கவுண்டர், அதற்குப் பின்னால் கணினியோடு ஒரு பிள்ளை. பழைய மேசையைப் பின்பக்கச் சாமான் அறைக்குக் கொண்டுபோக வந்தார்கள். ஏலாது என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் உரத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். கொண்டுபோக வந்தவர்களும் பயந்துவிட்டார்கள். கணினியில் பதிவது உள்ளே நடக்கட்டும், எதில் திரும்பிப் போவீர்கள் என்று கேட்பது வாசலில் இந்த மேசையில்தான் என்று முடிவாயிற்று. நானா ஓய்வெடுத்துக்கொண்டு மூதூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பெரிய மிஸ்ஸியும் ஓய்வுபெற்று, திருகோணமலை அன்புவழிபுரத்தில் தங்கையோடு.

போன மாதம் கண் டொக்டர் வருகிற நாள். வரிசை நீளம். நாலைந்து பேருக்குப் பிறகு ஒரு சோடிக் கால் வந்து நின்றது. மண்ணிறச் செருப்பு, இடது காலின் பின் வார் குதியின் கீழே மிதிபட்டுக் கிடந்தது. எத்தனை வருஷமாக அந்தக் கால் இந்த வாசலில் அவசரமாக நடந்து, அந்த வாரைச் சரிசெய்ய நேரமில்லாமல் போனது. பெயரையும் வயதையும் கேட்காமலே எழுதினேன்.

“எதில திரும்பிப் போவீங்கள்?”

“நடந்து” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, மற்றபடி அதே முகம், சிரிப்பை உதட்டுக்குள் வைத்திருந்தது. “எதுவரைக்கும் நடந்து?” என்று கேட்டேன்.

“பஸ் நிக்கிற ஹோல்ட் வரைக்கும்” என்றார்.

பிறகு கையை நீட்டி மேசையைத் தடவினார். விளிம்பில் தொடங்கிக் கீழே போன விரல், அறுத்த தடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. “கோணலாத்தான் இன்னும் கிடக்கு” என்றார்.

துண்டில் பஸ் என்று எழுதி இரண்டாவது தட்டில் போட்டேன். முதல் தட்டில் அன்று ஆறு பேர் இருந்தார்கள். பெரிய மிஸ்ஸி வாங்கில் போய், அவர்கள் முடியுமட்டும் காத்திருந்தார்.