கொலுவில் நின்ற ஜீப்

1. தார்ப்பாய்க்குள் இருந்தது

பழைய ஜீப்பை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் எனக்கு போன் போட்டு "பாய், முதல்ல என்ன மாத்தலாம்?" என்று கேட்கிற இளவட்டங்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. மாட்டுங்கா வைதேகி மாமியின் ஜீப் கதையை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதை அனுப்பிவிடலாம்.

நான் தாராவியில் காரேஜ் நடத்தியவன். முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் காரேஜைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பழைய ஜீப் வைத்திருப்பவர்களின் வீட்டுக்கே போய் வேலை செய்து கொடுக்கிற வழிக்கு வந்தேன். செம்பூர், நெருள், ஐரோலி என்று ஒரு சுற்று இருக்கிறது. ஆனால் மாட்டுங்காவில் கிடைத்த மாதிரி ஒரு கஸ்டமர் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாமி பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன கையோடு, லோனாவாலா பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு டீசல் ஜீப்பை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து தன் பில்டிங் காம்பவுண்டில் இறக்கிவிட்டார். நான் முதல் நாள் போனபோது தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இன்னும் கோழி வாசம் போகவில்லை.

"எதுக்கு மாமி உங்களுக்கு இந்த வண்டி?" என்று கேட்டேன். நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"வேலைக்குப் போன நாள்லேர்ந்து லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல கம்பியைப் பிடிச்சுண்டு நின்னே போயிட்டு வந்துட்டேன் பாய். ரோடு இல்லாத எடத்துக்கு, மழையில, நானே ஓட்டிண்டு போகணும். யாரும் என்னை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ'ன்னு சொல்லப்படாது."

எனக்குப் பிடித்துப் போய்விட்டது. அன்றைக்கே வேலைக்கு ஒத்துக்கொண்டேன்.

2. லைட்டா, பிரேக்கா?

சண்டை மறுநாளே ஆரம்பித்தது. மாமிக்கு முதலில் வேண்டியது மேலே ஒரு நீள எல்.இ.டி. பார் லைட், சேற்றில் பிடிக்கிற பெரிய பட்டன் டயர், சிக்கினால் வண்டியை இழுத்தெடுக்க முன்னால் ஒரு வின்ச், வெள்ளத்திலும் எஞ்சின் மூச்சு விடுவதற்கு மேல்நோக்கிப் போகிற காற்றுக்குழாய். கிங்ஸ் சர்க்கிளில் மழைத் தண்ணீர் நிற்பதை நினைத்துக் காற்றுக்குழாய்க்கு மட்டும் நான் தலையாட்டினேன். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பிரேக் என்று சொல்லிவிட்டேன்.

"பிரேக் இருக்கே பாய், மிதிச்சா நிக்கறதே."

"இது நிக்கது இல்ல மாமி. நிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு நிக்கி."

நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தோம். பிரேக் ஷூ தேய்ந்து ரிவெட் தெரிந்தது. வீல் சிலிண்டர்கள் கசிந்தன. மாஸ்டர் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிவிட்டது. எல்லாம் மாற்றினோம். புது பிரேக் ஆயில் குழாய் போட்டபின் உள்ளே மாட்டிய காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் சக்கரத்துக்குக் கீழே படுத்துக்கொள்வேன், மாமி மேலே பெடலில். "மிதிங்க... பிடிங்க... விடுங்க!" என்று நான் கீழேயிருந்து கத்துவேன். "மிதிச்சாச்சு... பிடிச்சாச்சு... விட்டாச்சு!" என்று மேலேயிருந்து பதில் வரும். மூன்றாவது மாடி வரைக்கும் கேட்கும்.

அங்கேதான் பில்டிங் சொசைட்டியின் செக்ரட்டரி இருந்தார். தாம்லே சாஹேப். நல்ல மனிதர்தான், ஆனால் புதிதாகப் பதித்த டைல்ஸ் மேல் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் தன் சட்டையில் விழுந்ததாகத் துடிப்பார். வரும்போதெல்லாம் ஒரே கேள்வி: "அரே பாய், யே கபாட் கப் ஜாயேகா?" இந்தக் குப்பை எப்போது போகும் என்று அர்த்தம். மாமிக்கு அந்த 'கபாட்' என்ற வார்த்தை காதில் விழுந்தால் முகம் சிவந்துவிடும்.

கடைசியில் சொசைட்டி ஒரு முடிவு எடுத்தது. ஓடாத வண்டிகளுக்குக் காம்பவுண்டில் இடமில்லை. நவராத்திரி நவமி அன்று காலை பத்து மணிக்குக் கமிட்டி கீழே வரும். ஜீப் தன் எஞ்சினில் கேட்டைத் தாண்டி ஒரு ரவுண்டு போய்த் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மத்தியானம் கிரேன் வரும். மாமிக்கு வேறு இடத்தில் நிறுத்த வசதி கிடையாது. கிரேன் வந்தால் ஜீப் காயலான் கடைக்குத்தான் போகும்.

எனக்குப் பயமில்லை. எஞ்சின் அப்போது நல்ல நிலையில் இருந்தது. பேட்டரி புதுசு. பிரேக் கல்லு மாதிரி நின்றது. இந்தச் சந்தோஷத்தில் மாமி தன் பாட்டுக்கு எல்.இ.டி. பாரை ஆர்டர் போட்டு, தானே வயரிங் செய்துவிட்டார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் சாவி வழியாகக் கொண்டு வராமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தார். சாவியை எடுத்தாலும் லைட் எரியும். "நவமி முடிஞ்ச பொறவு மாத்தித் தாரேன், அதுவரைக்கும் சுவிட்ச்சைத் தொடாதீய" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

3. வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள்

நவமி காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற சத்தம்கூட வரவில்லை. டாஷ்போர்டில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை.

மாமி மடிசாரோடு படியிறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

"லைட் போட்டீயளா மாமி?"

"கொஞ்ச நாழிதான் பாய். நேத்து சாயங்காலம் கொலு பார்க்க வந்தவாள்ளாம் ஜீப்பையும் பார்க்கணும்னா. கீழ அழைச்சுண்டு வந்து காட்டினேன்."

விஷயம் முழுதாக வெளியே வந்தது. மாமியின் கொலுவில் அந்த வருடம் மரப்பாச்சிக்கும் செட்டியாருக்கும் அடுத்த படியாக, கீழே காம்பவுண்டில் ஜீப்பும் நின்றிருக்கிறது. பானெட்டில் கோலம், கண்ணாடியில் மாவிலை. சுண்டல் பொட்டலத்தோடு இறங்கி வந்த பெண்கள் ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள். போட்டோவுக்கு லைட் வேண்டுமே. செக்ரட்டரியின் மனைவி தாம்லே வஹினிதான் (வஹினி என்றால் மராத்தியில் அண்ணி) சுவிட்சைப் போட்டிருக்கிறார். யாரும் அணைக்கவில்லை. பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டுப் படுத்துவிட்டது.

கோபம் வந்தது. இருந்தாலும் வழி இருக்கிறதே என்று, "சரி, என் பொட்டியைக் கொண்டாங்க. ஜம்பர் கேபிள் இருக்கு, பக்கத்து காருலேர்ந்து கரண்ட் எடுத்துருவோம்" என்றேன். முட்டி வலியோடு ரயிலில் தூக்கிச் சுமக்க முடியாமல் என் டூல் பாக்ஸை மாமி வீட்டிலேயே விட்டு வைப்பது வழக்கம்.

மாமி படிப்பக்கம் திரும்பினார். அப்புறம் "மேல வந்து பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், மாமியின் கால்குலேட்டர், அதன் பக்கத்தில் என் டூல் பாக்ஸ் திறந்திருந்தது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் துடைத்துச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. ஜம்பர் கேபிளைச் சுருட்டி மாலை மாதிரி படத்துக்குக் கீழே வைத்து, அதன் மேல் ஒரு செவ்வந்தி.

"ஏ யப்பா! என் பொட்டியையும் சேர்த்துச் சாமி ஆக்கிட்டீயளே!"

"உங்க கருவியை விட்டுட்டு என்னோடதை மட்டும் எப்படி பாய் வெப்பேன்? என் வண்டிக்கு ஒழைச்சது அதுதானே."

தம்பி காரேஜ் பக்கத்தில்தான் இருக்கிறது, வேறு கேபிள் வாங்கி வருகிறேன் என்றேன். மாமி கூடாதென்று தலையை ஆட்டினார். எந்தக் கேபிளாக இருந்தாலும் ஆயுதம்தான், இன்றைக்கு வண்டிக்குப் பூஜை, அதன் மேல் ஆயுதம் படக்கூடாது, நாளைக் காலை விஜயதசமிப் புனர்பூஜை செய்து கருவிகளை எடுத்ததற்கு அப்புறம்தான் என்றார்.

"பத்து மணிக்குக் கமிட்டி, மத்தியானம் கிரேன். நெனப்பு இருக்கா மாமி?"

"இருக்கு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பூஜைல வெச்சதை நான் எடுத்ததே இல்லை. இந்த வண்டிக்காக எடுத்தேன்னா, அப்புறம் அதுல ஏறி உட்கார எனக்கு மனசு வராது."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. நோன்பு நாளில் ஒருத்தர் வந்து, 'பாய், அவசர வேலை, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுச் செய்யுங்க' என்று சொன்னால் நான் குடிப்பேனா? மாட்டேன். வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினேன், பின்னாலேயே மாமியும் வந்தார்.

"மாமி, கை ஆயுதமா?"

"கையா? இல்லையே."

"அப்பம் தள்ளுவோம்."

4. தக்கா

இந்தக் காலத்து வண்டிக்கு பேட்டரி முழுசாகச் செத்தால் தள்ளியும் பிரயோஜனமில்லை, எல்லாம் கம்ப்யூட்டர். மாமியின் ஜீப் அந்தக் கால டீசல். சக்கரம் சுற்றி எஞ்சினைச் சுழற்றிவிட்டால் போதும், ஓடுவதற்குக் கரண்ட்டே கேட்காது. மாமியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். செகண்ட் கியர், கிளச்சை மிதித்துப் பிடிக்க வேண்டும், வேகம் வந்ததும் நான் சொல்கிறபோது விட வேண்டும். ஒருமுறை எஞ்சின் பிடித்துவிட்டால் திரும்பி வருகிறவரை அணைய விடக்கூடாது. நடுரோட்டில் அணைந்தால் அங்கேயே கதை முடிந்தது.

நானும் வாட்ச்மேனும் 'தக்கா' கொடுத்தோம், அதாவது பின்னாலிருந்து தள்ளினோம். ஜீப் நகர்ந்தது, ஆனால் ஒரு கல்யாண ஊர்வலத்தின் வேகத்தில். மாமி கிளச்சை விட்டதும் 'கடக்' என்று நின்றுவிட்டது. பின்னால் தள்ளிப் பழைய இடத்துக்குக் கொண்டு வருவதற்குள் என் முட்டி என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டது.

சரியாகப் பத்துக்குக் கமிட்டி இறங்கி வந்தது. தாம்லே சாஹேப் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தள்ளுவது கணக்கில் சேராது பாய். தன் எஞ்சினில் என்றுதான் முடிவு" என்று இந்தியில் சொன்னார்.

மாமி சீட்டிலிருந்தே எட்டிப் பார்த்து, அதே இந்தியில் பேங்க் குரலில் பதில் சொன்னார். கேட்டைத் தாண்டும்போது தன் எஞ்சினில் தாண்ட வேண்டும் என்றுதான் முடிவு. கேட்டுக்கு முன்னால் என்ன செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கமிட்டியில் ஒருவர் சிரித்துவிட்டார்.

அப்போது படியில் வளையல் சத்தம். தாம்லே வஹினி இறங்கி வந்தார். பின்னாலேயே முந்தின நாள் வெற்றிலை பாக்கு வாங்கிப் போன பெண்கள் நாலைந்து பேர். வஹினி நேராகப் புருஷனிடம் போய், "லைட் மைனே ஜலாயா தா" என்றார். லைட்டைப் போட்டது நான்தான் என்று அர்த்தம். பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் போய்க் கையை வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். பொண்டாட்டி தள்ளும்போது தாம்லே சாஹேப் எத்தனை நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்? முணுமுணுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பெண்களில் ஒருவர் சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது. இந்தத் தடவை ஜீப் கிளம்பிய வேகமே வேறு.

"விடுங்க மாமி!"

ஒரு குலுக்கு, ஒரு இருமல், ஒரு கறுப்புப் புகை. அப்புறம் அந்த டீசல் சத்தம் 'தடதட'வென்று பிடித்துக்கொண்டது. பின்னால் கைதட்டல். கறுப்புப் புகை முழுக்க தாம்லே சாஹேப் சட்டையில். மாமி "ஐயோ, ஓடறது, ஓடறது!" என்று கத்திக்கொண்டே கேட்டைத் தாண்டினார்.

தாண்டியதும் குறுக்கே ஒரு தள்ளுவண்டி. கொத்தமல்லிக்கட்டு மலைபோல அடுக்கி, அதற்குப் பின்னால் தலைகூடத் தெரியாமல் ஒருத்தர் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"பிரேக்! கிளச்சையும் மிதிங்க!"

மிதித்தார். இரண்டையும் சேர்த்து. ஜீப் ஒரு யோசனையும் பண்ணாமல் அந்த இடத்திலேயே நின்றது. பம்பருக்கும் கொத்தமல்லிக்கும் நடுவில் ஒரு ஜாண் இருக்கும். எஞ்சின் அணையவில்லை. தள்ளுவண்டிக்காரர் எங்களை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்.

மாமி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "பாய், நான் கேட்ட மாதிரி பிரேக்குக்கு முன்னாடி லைட்டைப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்காமலே கியரைப் போட்டார். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிக்கொண்டு வரும்வரை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. திரும்பிக் காம்பவுண்டுக்குள் வந்து நிறுத்தியபோது தாம்லே சாஹேப் சட்டையைத் தட்டிக்கொண்டே, "டீக் ஹை", சரி என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

மறுநாள் புனர்பூஜை முடிந்து டூல் பாக்ஸை எடுக்கப் போனேன். பொட்டோடு ஸ்பேனர்கள், மேலே ஒரு பொட்டலம் சுண்டல். கீழே தாம்லே சாஹேப் செண்டுமல்லி மாலை போட்ட ஒரு பழைய ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு வந்து எனக்காகக் காத்திருந்தார். அது ஓடி எத்தனை காலம் ஆயிற்றோ. "கபாட் இல்லை பாய், கொஞ்சம் பாருங்கள்" என்றார் இந்தியில்.

மாமி இப்போது மழைக்காலத்தில் மலைப்பக்கம் போய்ச் சேற்றோடு திரும்பி வருகிறார். எல்.இ.டி. பாருக்குச் சாவி வழியாக வயர் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதனால் போன் போட்டு "முதல்ல என்ன மாத்தலாம் பாய்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பிரேக்கை மாற்றுங்கள். ஓடாத வண்டியைத் தள்ளுவதற்குச் செக்ரட்டரியே வருவார். நிற்காத வண்டியைப் பிடிப்பதற்கு யாரும் வரமாட்டார்கள்.