ஆற்றுப் பக்கத்து ஹார்ன்

வெர்ன் டில்லக் முப்பத்தோரு வருஷமாக எங்கள் யாரன்பூல் மைதானத்தில் ஆற்றுப் பக்கத்து கோல் நடுவர். மற்ற நாட்களில் பால் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. சனிக்கிழமை காலையில் தானே இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்ளும் வெள்ளை கோட்டுதான் அந்த மனுஷனுக்கு வீடு, வாசல் எல்லாம். எங்கள் லீக்கில் கோல் நடுவரை அந்தந்த ஊர் கிளப்பே கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கோல் நடுவரும் எதிரூர்க்காரன் கண்ணுக்குத் திருடன்தான். வெர்னை மட்டும் சொந்த ஊர்க்காரர்களும் திட்டினார்கள், அவர் விரலை உயர்த்த அவ்வளவு நேரம் எடுப்பார் என்பதற்காக.

பந்தைக் கையில் எடுத்து ஓடியும் காலால் உதைத்தும் ஆடும் எங்கள் நாட்டுக் கால்பந்தில் ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம். நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்து சுத்தமாகப் போனால் இரண்டு விரல், ஆறு புள்ளி. கம்பத்தை உரசினாலோ ஓரமாகப் போனாலோ ஒரு விரல், ஒரு புள்ளி. குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஊர்ப் பக்கத்து கோலில் நிற்கும் நடுவர் பந்து போன உடனே விரலைக் காட்டிவிடுவார். வெர்ன் நிற்பார். தலையை லேசாகச் சாய்த்து, எண்ணி ஐந்து நொடி. பனி இறங்கிய நாளில் எட்டு. "யோவ் வெர்ன், பஸ்ஸுக்கு நிக்கிறியாய்யா?" என்று வேலியோரத்திலிருந்து கசாப்புக் கடை டரில் கத்துவான். ஊரில் பள்ளி பஸ் ஓட்டுகிறவள் நான் என்பதால், எல்லோரும் என்னையும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பஸ் ஓட்டாத சனிக்கிழமைகளில் நான் ஸ்கோர் பலகையில் தகர எண் மாட்டுகிறவள். ஊர்ப் பக்கத்து மேட்டில் என் பலகை. ஆற்றுப் பக்கம் தாழ்வு. எங்கள் குளிர்காலமான ஜூலையில் மதியம் மூன்று மணிக்கே ஆற்றிலிருந்து பனி எழும்பி அந்தப் பக்கத்துக் கம்பங்களை மூடிவிடும். வெள்ளைப் பனிக்குள் வெள்ளை கோட் போட்ட ஆள் விரலைக் காட்டி வெள்ளைக் கொடியை ஆட்டினால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஆனாலும் நான் ஒரு நாளும் தப்பாக எண் மாட்டியதில்லை. எப்படி என்று யாராவது கேட்டால், பழக்கம் என்று சொல்வேன். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் டன்லீ ஊர்க்காரர்கள் லீக்குக்கு எழுதிப் போட்டார்கள். புகார் இரண்டு. ஒன்று மைதானம். ஆற்றுப் பக்கத்துச் சேறு கணுக்காலை விழுங்குகிறது, அதில் ஆடிப் பழகியவர்களுக்குத்தான் அது மைதானம், மற்றவர்களுக்குக் குழி என்றார்கள். அது உண்மைதான். லீக் அனுப்பிய இரண்டு லாரி மணலையும் அந்த இடம் ஒரே குளிர்காலத்தில் தின்றுவிட்டது. காலை எடுக்கும்போது கீழே யாரோ மூச்சை இழுப்பது மாதிரி ஒரு சத்தம் வரும். இரண்டாவது புகார் எங்களைப் பற்றி. ஆற்றுப் பக்கம் கோல் விழுந்தால் நடுவர் விரலை உயர்த்துவதற்கு முன்பே பலகையில் எண் மாறிவிடுகிறதாம். நடுவருக்கும் எண் மாட்டும் பெண்மணிக்கும் ஏதோ ஏற்பாடாம். நிரூபணமானால் வெர்னின் கோட்டைப் பறிக்க வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசாத மனுஷனோடு எனக்கு என்ன ஏற்பாடு?

இங்கே ஹெக்டர் மல்லாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைதானத்தைச் சுற்றி வண்டிகளை வேலியோரம் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தே ஆட்டம் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். அதில் வேறு யாராவது நிறுத்தினால் அன்றைக்குச் சண்டைதான். தங்கள் அணி கோல் போட்டால் எல்லோரும் ஹார்ன் அடிப்பார்கள். ஹெக்டரின் பழைய பச்சை பிக்கப் வண்டி ஆற்றுப் பக்கத்துக் கம்பங்களை ஒட்டி நிற்கும். அவர் இரண்டு அணிக்கும் அடிப்பார், ஆனால் சுத்தமான கோலுக்கு மட்டும். சளி பிடித்த தொண்டை மாதிரி குட்டையாக ஒரே ஒரு ஹார்ன். சந்தேகம் இருந்தால் சொந்த ஊருக்கும் அடிக்கமாட்டார். அவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அடக்கத்துக்குப் பிறகு வைத்த சாப்பாட்டு மேஜைக்கு நான்தான் சாண்ட்விச் செய்து கொண்டுபோனேன். அவர் மனைவி நோலா இன்னும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து அதே இடத்தில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்காருவாள். இடம் போய்விடக் கூடாது என்பதற்காக என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

புகார் விசாரணைக்கு வருவதற்குள் அரையிறுதி வந்தது. எங்கள் மைதானத்தில், அதே டன்லீயோடு. கடைசி நிமிஷத்தில் அவர்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தார்கள். பனி மைதானத்தின் பாதியைத் தின்றிருந்தது. எங்கள் ப்ரோடி பந்தை எடுத்து ஆற்றுப் பக்கம் ஓடியது தெரிந்தது. பிறகு அவனும் தெரியவில்லை. காலில் பந்து படும் சத்தம் மட்டும் வந்தது. உடனே மைதானத்தைச் சுற்றி எங்கள் ஊர் வண்டிகள் எல்லாம் ஹார்னை அழுத்தின. காது கிழிந்தது. கோல் விழுந்திருந்தால் இரண்டு புள்ளியில் நாங்கள் ஜெயித்த மாதிரி.

நான் ஆறு புள்ளி கூட்டிய தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஹார்ன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எட்டு நொடி இல்லை, இருபது நொடி இருக்கும். பிறகு ஆடுகளத்து நடுவர் பனியை விட்டு வெளியே ஓடிவந்து எல்லோருக்கும் தெரியும்படி ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். வெர்ன் ஒரு புள்ளிதான் கொடுத்திருந்தார். மூன்று புள்ளியில் தோற்றோம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கூசுகிறது. டரில் வேலியைப் பிடித்து ஆட்டினான். முப்பது வருஷமாக ஒழுங்காக ஒரு தீர்ப்பு சொல்லத் தெரியாதவன் என்றான், ஒரு பக்கம் ஒரு சட்டம் இன்னொரு பக்கம் இன்னொரு சட்டம் என்றான். பந்து சுத்தமாகத்தான் போனது என்று ப்ரோடி அழுதான். கம்பத்தைப் போய்ப் பார்த்தார்கள். அன்று முழுக்கத் தெறித்த சேறு அதில் அப்பியிருந்தது, எந்தத் தடம் எந்தப் பந்துடையது என்று யார் சொல்ல முடியும்? கூட்டம் கலைகிற மாதிரி இல்லை. நான் பள்ளி பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி வெர்னை ஏற்றிக்கொண்டேன்.

பஸ் பாலம் தாண்டியது. பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"தொண்ணூத்தி நாலு இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கா, மார்ஜ்?"

யாருக்கு இல்லை? நாங்கள் ஜெயித்த ஒரே இறுதி ஆட்டம். டரில் அடித்த கடைசி கோல். அந்த வெற்றிக் கொடி கிளப் சுவரில் இன்றும் தொங்குகிறது.

"அது கம்பத்துல பட்டுது. டொக்குன்னு என் காதுல விழுந்துச்சு. ஊரே ஹார்ன் அடிச்சுது, என் ரெண்டு விரலும் தானா எழும்பிருச்சு. ஹெக்டர் மட்டும் அடிக்கல. திரும்பிப் பாத்தேன். வண்டிக்குள்ள இருந்து என்னையே பாத்துக்கிட்டிருந்தான். சாகுற வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

அன்றிலிருந்து ஹெக்டரின் ஹார்னைக் கேட்காமல் தான் இரண்டு விரலை உயர்த்தியதில்லை என்றார். அந்த ஐந்து நொடி அதற்குத்தான். சரி, ஹெக்டர் செத்த பிறகு எதற்காக நின்றாய் என்று கேட்டேன்.

"அதுக்கப்புறமும் அடிச்சுது."

எனக்கு எரிச்சலாக வந்தது. பயந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மூன்று வருஷமாக நானும் அதே மைதானத்தில்தான் இருக்கிறேன், அப்படி ஒரு ஹார்னும் நான் கேட்கவில்லை, உனக்கு வயசாகிவிட்டது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"இன்னிக்கு அவ்வளவு ஹார்ன் அடிச்சுதே, மார்ஜ். நீ ஏன் ஆறு மாட்டல?"

"உன் விரல் தெரியல."

"மத்த நாள் மட்டும் தெரிஞ்சுதா?"

பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டேன். அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நான் எதற்காகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குட்டையாக, சளி பிடித்த மாதிரி, ஒரே ஒரு ஹார்ன். மூன்று வருஷமும் பனி நாட்களில் அதைக் கேட்டுத்தான் என் கை எண்ணை மாட்டியிருக்கிறது. கடிகார மணி காதில் விழுவது மாதிரி விழுந்திருக்கிறது, யார் அடிப்பது என்று நான் ஒரு முறையும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோலா வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் வண்டி நின்றது. ஹார்னை அழுத்தினேன், ஒன்றும் இல்லை. பானெட்டைத் தூக்கினேன். பாட்டரி இருக்க வேண்டிய இடத்தில் குருவிக் கூடு ஒன்று காய்ந்து கிடந்தது. நோலா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன தேடுற?"

"சும்மாதான்."

"டீ போட்டிருக்கேன். வா," என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை கிளப்பில் விசாரணை. லீக் ஆள் மூன்று பேர், எங்கள் ஊர் முழுக்க. பனியில் எதைப் பார்த்து எண் மாட்டுகிறீர்கள் என்று என்னைக் கேட்கப் போகிறார்கள். அவர் விரலைத்தான் என்று பொய் சொன்னால் வெர்னின் கோட் தப்பும். பொய் சொல்வது என்று நான் தீர்மானித்தே போயிருந்தேன். ஆனால் என் முறை வருவதற்குள் வெர்ன் எழுந்தார். கோட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். தொண்ணூற்று நாலைச் சொன்னார். சுவரோரம் இருந்த ஏணியை எடுத்து, அந்த வருஷத்து வெற்றிக் கொடியை இறக்க அதற்குக் கீழே சாய்த்தார்.

டரில் எழுந்து அவரிடம் போனான். அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுதுப்பா," என்றான். "ஏறு. நான் பிடிச்சுக்கிறேன்."

அத்தனை வருஷம் நடுவர்களைப் பார்த்து நியாயம் கேட்டுக் கத்தியவன் அவன்.

அடுத்த சனிக்கிழமை, லீக் முன்பே குறித்தபடி எங்கள் மைதானத்தில் டன்லீக்கும் கூலா ஊருக்கும் இறுதி ஆட்டம். இரண்டு கோலிலும் வெளியூர் நடுவர்கள். கோட் இல்லாத வெர்ன் பச்சை வண்டியின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நோலா பக்கத்தில் நின்றார். மூன்று மணிக்குப் பனி ஏறியது. ஆற்றுப் பக்கம் டன்லீக்காரன் ஒருவன் ஓங்கி அடித்தான். அவர்கள் ஹார்ன்கள் அலறி ஓய்ந்தன. தகட்டைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன். ஆற்று நீர் கரையை உரசும் சத்தம்தான் கேட்டது. புது நடுவர் இரண்டு விரலைக் காட்டி வெகு நேரமாகியும் எனக்குத் தெரியாமல், அந்த மைதானத்தில் கடைசி ஆளாக எண் மாட்டினேன். முன்னெல்லாம் சீக்கிரம், இப்போது தாமதம், இந்தப் பொம்பளைக்கு ஒரு நிலை கிடையாதா என்று டன்லீக்காரர்கள் கத்தினார்கள். அன்று ஆற்றுப் பக்கம் ஏழு கோல் விழுந்தது. ஏழுக்கும் அப்படித்தான்.

ஆட்டம் முடிந்து கீழே இறங்கி வண்டியருகே போனேன். வெர்ன் இன்னும் கையை எடுக்காமல் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. நோலா நாற்காலியை மடக்கினாள், வண்டியின் கூரையை ஒரு முறை தட்டினாள்.

"ஏழு கோல்ல ஒண்ணுக்கும் அவர் அடிக்கல," என்றாள். "இனிமே இதை நான் இழுத்துட்டு வர வேண்டியதில்ல."