அரிசியில் வேண்டாம் ஒற்றுமை

ஆரணியில் எங்கள் பாப்டிஸ்ட் சபை சின்னது. எந்த ஊருக்கு நற்செய்தி ஊழியரை அனுப்புவது, அவரை எப்படித் தாங்குவது என்பதையெல்லாம் சபையார் கூடி, கையுயர்த்தித்தான் முடிவு செய்வோம். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படித்தான் படவேட்டுக்கு ஓர் ஊழியர் குடும்பத்தை அனுப்பினோம். அவர்களுக்காக வீடுதோறும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பதாக ஏற்பாடு. சேகரிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பச்சரிசி, புழுங்கலரிசி, ரேஷன் அரிசி என்று வந்தது. "கிறிஸ்துவுக்குள் நாமெல்லாம் ஒன்று. அரிசிக்கு மட்டும் எதுக்குங்க பிரிவினை?" என்று முழங்கி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டினேன். பட்டில் ஓர் இழை பருத்தி கலந்தாலும் கண்டுபிடிக்கும் நெசவாளி நான்!

ஒருமுறை மூட்டையோடு போனபோது சாப்பிட உட்கார வைத்தார்கள். சோற்றில் பச்சரிசி குழைந்து பாதி கூழ், புழுங்கல் வேகாமல் பாதி கல்.

"நல்லா இருக்குதுங்க" என்றார் ஊழியர்.

அவர் மனைவி விடவில்லை. "எது நல்லா இருக்குது? பசங்களுக்கு வயிறு நோவுது, ஊருக்கே திரும்பிடலாம்னு காலையில பேசிகினு இருந்தது யாரு? அண்ணே, சபை ஒண்ணா இருக்கட்டும். அரிசி தனித்தனியா இருக்கட்டும்!"

எனக்குப் புரையேறியது. என் முழக்கத்தால் ஊழியமே மூட்டை கட்ட இருந்திருக்கிறது.

"எங்கயும் போவாதீங்க. ஜல்தியா நல்ல அரிசியோட வரேன்" என்று பஸ் பிடித்தேன்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சிரித்து ஓய்ந்ததும், படவேட்டை விடுவதில்லை என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அன்றிலிருந்து மூன்று பைகளோடுதான் தெருவில் இறங்குகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி முதலில் எங்கள் வீட்டு உலையில் வேக வேண்டும். என் பல் சம்மதித்த பிறகே அரிசி பஸ் ஏறும்.