அறுபதாம் கல்யாணத்துக்குச் சிவந்த கண்ணோடு

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவதற்கு முதல் நாள், அறுவடை மெஷின் கிளப்பிய தூசியில் என் இரண்டு கண்களும் அரித்துச் சிவந்துவிட்டன. என்னைவிட மாமியார்தான் அதிகம் பயந்தார். அழுத கண்ணோடு நான் போய் நின்றால் அங்கே வரும் என் அம்மா என்ன நினைப்பார் என்று அவருக்குக் கவலை. மெடிக்கலுக்கு அவரும் கூடவே வந்தார்.

“உடனே வெளுக்குற மாதிரி சொட்டு மருந்து கொடுங்க பாய்,” என்றார் மாமியார்.

வலியோ பூளையோ பார்வை மங்கலோ உண்டா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்றேன். இரண்டு பெட்டிகளை எடுத்துவைத்தார். ஒன்று சிவப்பைச் சட்டென்று மறைக்கும், நிறுத்தினால் திரும்பவும் சிவக்கலாம். மற்றது கண்ணீர் மாதிரி, தூசியை அலசும், சிவப்பு மெதுவாகத்தான் போகும்.

முதல் பெட்டியின் பொடி எழுத்தை மூன்று முறை படித்தேன். பால் கொடுக்கும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்கவும் என்றிருந்தது. என் பிள்ளைக்கு ஐந்து மாதம். இரண்டாவதையே வாங்கிவிட்டு, தப்பு செய்துவிட்டேனோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மறுநாள் அரிப்பு நின்றிருந்தது, சிவப்பு போகவில்லை. மண்டபத்தில் அம்மா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மாமியாரைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்பே மாமியார் கைப்பையிலிருந்து மருந்தை எடுத்து நீட்டினார்.

“அறுப்புத் தூசிங்க சம்பந்தி. பில்லுகூட இருக்கு.”

அம்மா நம்பினாரா தெரியவில்லை. அதற்குள் ஹோமப் புகை சூழ்ந்து எல்லோரும் கண்ணைக் கசக்கத் தொடங்கினார்கள். அம்மாவின் கண்கள் என்னுடையதைவிடச் சிவந்துவிட்டன.

“உங்கள யாரு சம்பந்தி அழ வச்சா?” என்றார் மாமியார்.

அம்மா சிரித்துவிட்டு மருந்துக்குக் கை நீட்டினார். ஒரு பாட்டில் ஒருவருக்குத்தான் என்று சொல்லி, நான் அதை வாங்கி ஒளித்துவைத்தேன்.