பெயர் எழுதும் சங்கரம்மாள்

சங்கரம்மாள் எங்கள் வேனில் ஆயா வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அவள் மேல் நம்பிக்கை வரவில்லை. அதற்கு முன்னால் இருந்த ஆயாக்கள் தண்ணீர் பாட்டிலும், வாந்தி எடுக்கிற பிள்ளைக்குப் பாலித்தீன் பையும் கொண்டு வருவார்கள். இவள் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவுமாக ஏறினாள். நோட்டோடு வருகிற ஆளைப் பார்த்தால் நான் ஒதுங்கிப் போகிறவன். என் அப்பா, நோட்டோடு வந்தவர்கள் நீட்டிய ஒரு இங்கிலீஷ் பேப்பரில் கைநாட்டு வைத்தார். என்ன பேப்பர் என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை, சொல்ல அவர்களுக்கு மனசில்லை. மூன்று வருஷம் கழித்து எங்கள் கிணற்றடிப் புஞ்சையில் வேறு ஆள் வேலி போட்டான்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு இந்த ஸ்கூல் வேனுக்கு வந்தவன். திருச்சுழிப் பக்கம் மூன்று ஊர்களில் பிள்ளைகளை ஏற்றி, அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு முக்கில் கடைசியாக நிறுத்தி, பந்தல்குடி ரோட்டில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இறக்குவது என் வேலை. நாலாம் நம்பர் வேன்.

அந்த வருஷம்தான் புதுச் சட்டம் வந்தது. வேனில் கால் வைத்ததும் பிள்ளைகள் இங்கிலீஷில்தான் பேச வேண்டும். தமிழ் பேசுகிற பிள்ளையின் பெயரை ஆயா எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் வந்த பிள்ளை அன்று முழுக்க கழுத்தில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். வேன்களுக்குப் பொறுப்பாக இருக்கிற இம்மானுவேல் சார்தான் இதை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது இன்னைக்கு வந்த சட்டம் இல்ல காளீசு," என்றார் என்னிடம் தனியாக. "எங்க தாத்தா படிச்ச பள்ளிக்கூடத்துல வெள்ளக்காரத் தொரை ஒரு மரக்கட்டயக் கழுத்துல தொங்க விடுவாராம். இப்ப அட்டை. அம்புட்டுத்தான்."

"தொரைதான் போயிட்டாருல்ல சார். கட்டைய ஏன் விட்டுட்டுப் போனாரு?"

"போயி வண்டியத் தொடைய்யா."

சங்கரம்மாளுக்கு ஊர், வீரசோழன் போகிற பஸ்ஸில் போய் பாதியில் இறங்கி நடக்கிற ஒரு சின்ன ஊர். தாய் தகப்பன் அடுத்தவர் காட்டில் கூலிக்கு மிளகாய் பறித்தவர்கள். இவள் பத்தாவது வரைக்கும் படித்தாள். நாலு பாடம் பாஸ். இங்கிலீஷில் பதினேழு. மறுபடி எழுதி இருபத்திரண்டு. மூன்றாவது தடவை பத்தொன்பது. அதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரிமூட்டத்துக்குப் போனாள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசிப் புகைய விட்டு, கரியைச் சாக்கில் அள்ளுகிற வேலை. பதினாலு வருஷம். இதையெல்லாம் ஒரு நாள் டயர் பஞ்சரான நேரத்தில் ரோட்டோரம் நின்றுகொண்டு அவளே சொன்னாள். சொல்லும்போது கணக்கில் எத்தனை, அறிவியலில் எத்தனை என்று நாலு மார்க்கையும் ஒப்பித்தாள். எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்திய மார்க்கை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

புருஷன் சோணைமுத்து வடக்கே போர்வெல் வண்டியில் வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வருவான். ஒரே மகள் துர்காதேவி. ஆயா வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இலவசமாக ஒரு இடம் உண்டு. அந்த இடத்துக்காகத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள். வேலை போனால் இடமும் போகும். இதை அவள் மறைக்கவில்லை.

"கரி அள்ளுன கையி அண்ணே. எம்பிள்ள அந்தப் பாடத்துல பெயிலாகக் கூடாது. அதுக்காக நான் எந்த நோட்ட வேணாலும் தூக்குவேன்," என்றாள்.

துர்காதேவியும் அதே வேனில்தான் வருவாள், நாலாவது படிக்கிறாள். ஏறினதிலிருந்து இறங்குகிற வரைக்கும் தாயும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். தாய்க்கு இங்கிலீஷ் வராது, மகள் தமிழ் பேசக் கூடாது. ஒரு தடவை துர்காதேவி ஜன்னலில் கை நசுங்கி, "அம்மா வலிக்குது" என்று அழுதாள். சங்கரம்மாள் கையை ஊதிவிட்டாள், எச்சில் தொட்டுத் தடவினாள், பிறகு நோட்டை எடுத்து மகள் பெயரை எழுதினாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்காக இந்த வேஷம் என்று நினைத்தேன். தன் பிள்ளை பெயரை எழுதி நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, வேறு எங்கேயோ கை நீட்டுகிறாளோ என்று தோன்றியது.

அவளுடைய வேலை முறை இது. பின்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். காது மட்டும் வேலை செய்யும். யார் பேசுவது அவளுக்குப் புரிகிறதோ அந்தப் பிள்ளை பெயர் நோட்டில் ஏறும். புரியவில்லை என்றால் விட்டுவிடுவாள். புரியாதது இங்கிலீஷ். அவளைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை. நாலு பாடத்தில் பாஸானவள் அவள். எது தனக்குப் புரியவில்லையோ அதுதான் தன்னை மூன்று தடவை பெயிலாக்கிய பாடம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

என் சந்தேகம் நெசவாளர் தெருவில் ஏறுகிற இரண்டு பெண்பிள்ளைகள் மேல் விழுந்தது. மூத்தவள் பெயர் சவுடேஸ்வரி, ஆறாவது. தங்கை நாலாவது. இந்த இரண்டும் ஏறினதிலிருந்து வாய் மூடாது. பேச்சு, சிரிப்பு, சண்டை. என் சீட்டுக்கு இஞ்சின் சத்தத்தில் எதுவும் தெளிவாகக் கேட்காது, வாய் அசைவதுதான் கண்ணாடியில் தெரியும். மற்ற பிள்ளைகள் பெயர் தினமும் எழுதப்படுகிறது. இந்த இரண்டு பெயரும் நாலு மாசத்தில் ஒரு தடவைகூட இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் அந்தப் பிள்ளைகளின் தாய் சங்கரம்மாள் கையில் ஒரு துணிப் பொட்டலத்தைத் திணித்ததை நான் பார்த்தேன். சங்கரம்மாள் அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

தறி இருக்கிற வீடு. சேலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இம்மானுவேல் சாரிடம், "அந்த ரெண்டு பிள்ளைக மட்டும் தப்பிக்குதுக சார். ஆயாவுக்கும் அந்த வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கு போல. ஒரு துணிப் பொட்டலம் கை மாறுனதப் பாத்தேன்," என்று சொல்லிவிட்டேன். சும்மா ஒரு பேச்சாகத்தான் சொன்னேன். அவர் அதை முதலாளி ராமசுப்புவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ராமசுப்பு மானாவாரிக் காட்டில் பருத்தி போட்டு, பிறகு பருத்தி வியாபாரம் பார்த்து, பிறகு பள்ளிக்கூடம் கட்டியவர். அவருக்கும் இங்கிலீஷுக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை நெசவாளர் தெரு முக்கில் வெள்ளை வேட்டியோடு நின்றார். பக்கத்தில் இம்மானுவேல் சார். இரண்டு பேரும் வேனில் ஏறினார்கள். பிள்ளைகள் செத்தாற்போல் உட்கார்ந்துவிட்டன. சங்கரம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

பந்தல்குடி ரோட்டில் எடைமேடை தாண்டினதும் முதலாளி என் தோளைத் தட்டினார். "வண்டிய ஓரங்கட்டு. இஞ்சின அணை. ஒண்ணும் கேக்கல."

அணைத்தேன்.

"ஏம்மா," என்றார் சங்கரம்மாளிடம். "அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சு?"

"பழைய யூனிபார்ம் மொதலாளி. ரெண்டு பிள்ளைகளுக்கும் பத்தாமப் போச்சுன்னு குடுத்தாக. எம்பிள்ள போட்டிருக்கு பாருங்க."

துர்காதேவி எழுந்து நின்றாள். தோள்பட்டை தொங்கிக்கொண்டிருந்தது, பாவாடையை இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துத் தைத்திருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டேன்.

"சரி. அந்த ரெண்டு பிள்ளைக பேரு ஏன் நோட்டுல வரல?"

"அதுக இங்கிலீஷுதான் பேசுதுக மொதலாளி."

"பேசச் சொல்லு. எல்லாப் பிள்ளைகளும் பேசுங்க. நான் கேக்கணும்."

ஒரு பையன் "குட் மார்னிங் சார்" என்றான். இன்னொன்று "மை நேம் இஸ்" என்று தொடங்கி, பெயர் மறந்ததுபோல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லை. அந்த அமைதியில் சவுடேஸ்வரியின் தங்கை அக்கா காதருகில் குனிந்து என்னமோ சொன்னாள். அக்கா வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுத் திருப்பிச் சொன்னாள். பிறகு இரண்டும் கடகடவென்று பேச ஆரம்பித்தன. இஞ்சின் இல்லாமல் அந்தப் பேச்சை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கேட்டேன்.

"நோடு" என்றாள் சின்னவள். 'பார்' என்கிறாள். தாவணகெரே லாரி நிறுத்தத்தில் டீக்கடைக்காரனும் போலீஸ்காரனும் எட்டு வருஷம் என்னிடம் பேசின பாஷை. கன்னடம். முதலாளியின் மீசைக்கு அடித்த சாயம் ஒரு பக்கம் கறுப்பாகவும் ஒரு பக்கம் செம்பட்டையாகவும் இருப்பதைப் பற்றித்தான் பேச்சு. அந்தத் தெருவில் வீட்டுக்குள் வேறு பாஷை பேசுவார்கள் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் டை கட்டி, ஷூ போட்டு, இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை வாயிலிருந்து வந்தால், புரியாத எதையும் நம் காது இங்கிலீஷ் என்றே எடுத்துக்கொள்கிறது.

முதலாளி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைக்கூட மூடிக்கொண்டார், சங்கரம்மாளைப் போலவே. பிறகு தொடையில் தட்டினார்.

"எம்புட்டு வேகமாப் பேசுதுக பாத்தீகளா இம்மானுவேலு? இதத்தான்யா நான் கேட்டேன்."

கண்ணாடியில் இம்மானுவேல் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பி.ஏ. இங்கிலீஷ். அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் ஜன்னலுக்கு வெளியே போகிற லாரியைப் பார்த்தார். "ஆமா மொதலாளி. ஃப்ளூயன்ஸி நல்லாருக்கு," என்றார். இது இங்கிலீஷ் இல்லை என்று சொன்னால், முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னதாக ஆகும். அதற்குச் சம்பளம் கிடையாது.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே காளீசு, நீதான கொடுக்கல் வாங்கல்னு சொன்ன?"

பின்னால் சங்கரம்மாள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த நிமிஷம் வரைக்கும் போட்டுக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொல்லலாம். இது கன்னடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் சந்தேகத்துக்குப் பாதி நியாயம் கிடைத்துவிடும். நாலு மாசமாக எதைக் கேட்டு எழுதுகிறோம் என்றே தெரியாமல் நோட்டு எழுதியவளை முதலாளி அன்றைக்கே இறக்கிவிடுவார். அந்த மடித்துத் தைத்த யூனிபார்மும் இறங்கிவிடும்.

"தப்பா நெனச்சிட்டேன் மொதலாளி," என்றேன்.

"முட்டாப்பய. இஞ்சின போடு."

பள்ளியில் இறங்கும்போது முதலாளி அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார். மற்ற பிள்ளைகள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மூன்று நாள் சங்கரம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கோ வேறு சந்தேகம் பிடித்துக்கொண்டது. பதினாலு வருஷம் கரிமூட்டத்தில் கிடந்தவள். அங்கே பல ஊர் ஆட்களோடு புழங்கியவள். பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் பாடம் படித்திருக்கிறாள், பெயிலானாலும் காதில் விழுந்திருக்குமே. உண்மையிலேயே அவளுக்கு வித்தியாசம் தெரியாதா? இல்லை, தெரிந்துகொண்டே அந்தப் பிள்ளைகளை விட்டு வைத்தாளா? வேனில் இரண்டு பிள்ளையாவது வாய்விட்டுச் சிரிக்கட்டும் என்று நினைத்தாளா? அவள் முகத்தில் எதையும் படிக்க முடியாது.

நாலாவது நாள், வெள்ளிக்கிழமை. நெசவாளர் தெருவில் இரண்டு பிள்ளைகளும் ஏறின. வண்டியை எடுக்காமல் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஏம்மா சங்கரம்மா, உள்ளதச் சொல்லு. இதுக பேசுறது இங்கிலீஷு இல்லன்னு ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

பிள்ளைகள் எல்லாம் அவளைப் பார்த்தன. சவுடேஸ்வரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். துர்காதேவி குனிந்துகொண்டாள்.

சங்கரம்மாள் நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, நிதானமாக ஒரு பெயரை எழுதினாள். எழுதி முடித்து என் சீட்டருகே வந்து நோட்டைத் திருப்பிக் காட்டினாள். காளீஸ்வரன், டிரைவர்.

"வண்டிக்குள்ள தமிழ் பேசக் கூடாதுன்னு சட்டம்ணே," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் வண்டியை எடுத்தேன்.