தன்னுடையது என்று நினைத்துப் பிரித்தது

பதுளையில் ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பின்னறையில் இரண்டு சேர்வர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மென்பொருளால் மட்டுமே ஆன சில கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. அவற்றின் சாமான் எல்லாம் இரண்டு சேர்வருக்கும் பொதுவான ஒரே சேமிப்புப் பெட்டியில். ஒரு சேர்வர் படுத்துவிட்டால் மற்றது எடுத்து நடத்தும்.

அன்று காலை, குடியிருந்த எல்லாவற்றையும் இரண்டாவது சேர்வருக்கு மாற்றிவிட்டு, முதலாவதை நிறுத்தித் திரும்பப் போட்டேன். அது திறந்து வைத்திருக்கும் வட்டுப் பகுதிகளின் பட்டியலைப் பார்த்தேன். நோயாளிகளின் ரிப்போர்ட் இருக்கும் பகுதியும் அதில் இருந்தது. அதே பகுதியில் இரண்டாவது சேர்வரிலிருந்து ரிப்போர்ட் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரே கொப்பியில் இரண்டு பேர் எழுதினால் இரண்டும் நாசம். மடுல்சீமையிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்தவர்கள் முன்னால் போட்டிருந்த நீள வாங்கில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

நல்லவேளை, முதலாவது எதையும் எழுதியிருக்கவில்லை. அவசரமாக மூடினேன். ஆனால் ஏன் திறந்தது? யாரும் சொல்லவில்லையே. தோண்டிப் பார்த்தேன். வட்டின் ஆரம்பத்தில் தனக்குப் பழக்கமான அடையாளம் இருந்திருக்கிறது. தன்னுடையது என்று நினைத்துத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்குச் சுருக்கென்றது. என் வாழ்க்கையில் ஒரு கடிதம் அப்படித்தான் போனது. ஆசிரியர் கலாசாலை நேர்முகத் தேர்வுக்கு வந்த கடிதம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தபால் வீட்டுக்கு வராது. மொத்தமாகத் தோட்ட ஆபீசுக்கு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். உறையில் லயத்து வரிசை வீட்டின் இலக்கமும் இருக்காது. மேல் லயத்தில் என் பெயரிலேயே ஒருத்தி இருந்தாள், கொழுந்து பறிப்பவள். அவள் வாங்கிப் பிரித்தாள். என் கைக்கு வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்திருந்தது. அன்றிலிருந்து அவளோடு பேச்சு வார்த்தை இல்லை. வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகத்தான் தெரியாது.

சேர்வருக்கு ஒரு வடிகட்டி எழுத வேண்டும்: எந்த வட்டைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று. அந்த நேரம் பரிசோதனைக்கூடத்து முதலாளி, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், வாசலில் நின்ற காவல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒருத்தரையும் உள்ள விடாதீங்க. டொக்டர் வந்தா மட்டும் விடுங்க."

நானும் அதே வரிசையில் எழுதினேன். முதலில், எதையும் தொடாதே. அடுத்து, உன் சொந்த வட்டை மட்டும் தொடு. திரும்பப் போட்டால், கறுப்புத் திரை. சேர்வர் எழும்பவே இல்லை.

"என்ன தங்கச்சி, ரிப்போட்டு வருமா வராதா?" முதலாளி கதவில் நின்றார்.

"மத்ததுல ஓடுது, நானா. கொஞ்சம் பொறுங்க."

மற்றதும் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். கையேட்டை மறுபடி படித்தேன். பொருந்துகிற முதல் விதியைக் கண்டதும் இயந்திரம் அங்கேயே நின்றுவிடுமாம். 'எதையும் தொடாதே' எல்லா வட்டுக்கும் பொருந்துகிறது. சொந்த வட்டையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. காவல்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு டொக்டரை உள்ளே விடுவார். இது முழுவதையும் கேட்காது. என்னைப் போல.

அவசரத்துக்கென்று வைத்திருந்த வேறொரு வட்டைக் கொண்டு சேர்வரைத் திறந்து, விதிகளின் வரிசையை மாற்றினேன்: முதலில் சொந்த வட்டு, பிறகு தடை. சேர்வர் எழும்பியது. பட்டியலில் அதனுடையது மட்டும் இருந்தது. வாங்கில் இருந்தவர்கள் ரிப்போர்ட்டோடு பகல் பஸ்ஸுக்குப் போனார்கள். அவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். மலை ஊற்று விழும் பீலியில் மேல் லயத்துக்காரி குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "அந்தக் கடுதாசிய ஏன் பிரிச்ச?" என்றேன்.

குடத்தை இறக்கி வைத்தாள். எந்தக் கடிதம் என்று அவள் கேட்கவில்லை.

"எம் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க. சிங்களத்துல இருந்ததால ஒன்னும் வெளங்கல. வாசிச்சுக் காட்ட ஆளு தேடி ரெண்டு வாரம் வச்சிருந்தேன்." குடத்தை மறுபடி பீலிக்கடியில் வைத்தாள். "எனக்கு அதுக்கு முன்னாடி கடுதாசியே வந்ததில்ல."